டார்கெட்டும் குறையக்கூடாது, டெய்லரோட உடம்பும் கெடக்கூடாது, முடியுமா?

கேட்டவர் திருப்பூர்ல 60 மெஷின் ஓடற ஒரு பனியன் கம்பெனியில புதுசா மேனேஜரா சேர்ந்திருக்கார். டெய்லருங்க கழுத்து வலி, இடுப்பு வலின்னு அடிக்கடி லீவு போடறாங்க, நடுவுல அஞ்சு அஞ்சு நிமிஷம் ரெஸ்ட் விடலாமான்னு இவர் கேட்டா "அப்ப டார்கெட்டை யாரு முடிக்கறது"ன்னு ஓனர் கேக்கறாராம். ரெண்டையும் சேர்த்து கொண்டுபோக வழி இருக்கான்னு கேள்வி.

இருக்குங்க. நான் இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங்ல (சுருக்கமா ஐ.இ), அதாவது ஸ்டாப்வாட்சை கையில வச்சுட்டு டெய்லர் பக்கத்துல நின்னு டைம் எடுக்கற வேலையில 19 வருஷமா இருக்கேன், அதுல பெரும்பாலும் திருப்பூர், அவிநாசி பக்கம்தான். எனக்குத் தெரிஞ்சதை கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா இதுல ரெண்டு வரியில பதில் சொன்னா நாளைக்கே ஓனர்கிட்ட போய் திட்டு வாங்கிட்டு வருவீங்க.

முதல்ல ஒண்ணு. உங்க டெய்லர்களோட வலி ஏற்கனவே உங்க ரிப்போர்ட்ல இருக்கு, வேற வேற பேர்ல எழுதியிருக்கீங்க அவ்வளவுதான். ஆல்டர் பீஸ்னு, அதாவது தப்பா வந்து பிரிச்சுத் திரும்பத் தைக்க வேண்டியதுன்னு ஒரு கட்டம், ஆப்சென்ட்னு ஒரு கட்டம், ஊசி ஒடிஞ்சதுன்னு ஸ்டோர் நோட்டுல ஒரு வரி, புது ஆள் சேர்த்ததுன்னு எச்.ஆர் ரிஜிஸ்டர்ல ஒரு வரி. இது நாலையும் யாரும் ஒரே பேப்பர்ல வச்சு பாக்கறதில்ல, அதனால ரெஸ்ட் குடுத்தா போற அஞ்சு நிமிஷம் மட்டும் கண்ணுக்கு நஷ்டமா தெரியுது, மத்த நஷ்டம் எல்லாம் "இந்தத் தொழில்ல இதெல்லாம் சகஜம்"னு போயிடுது. ஓனரோட பேசறதுக்கு முன்னாடி இந்த நாலையும் ஒரு மாசத்துக்கு லைன் வாரியா ஒரே தாள்ல எழுதுங்க. அதுக்கு பத்து பைசா செலவில்ல.

ஆப்சென்டையே எடுத்துக்கோங்க. 30 பேர் உக்காந்திருக்கற லைன்ல ஒருத்தர் வரலேன்னா நூத்துக்கு மூணுதானே குறையும்னு நினைக்கறோம். அப்படி நடக்காது. லைன்னா ஒருத்தர் தைச்சது அடுத்தவருக்குப் போகணும், வராதவர் கழுத்துப் பட்டி வைக்கற ஆளா இருந்தா அந்த ஆபரேஷன்ல எத்தனை பீஸ் வெளிய வருதோ அத்தனைதான் லைன் கடைசியில பேக்கிங்குக்குப் போகும், மத்த 29 பேரும் எவ்வளவு வேகமா தைச்சாலும் பீஸ் நடுவுல குவியும், அவ்வளவே. சூப்பர்வைசர் ஓடிப் போய் வேற மெஷின்ல இருந்து ஒருத்தரை எழுப்பிக் கொண்டுவந்து உக்கார வைப்பார், அவருக்கு அந்த வேலை கை வர்றதுக்குள்ள அரை நாள் போயிடும், அந்த அரை நாள்ல வந்த பீஸ்ல பாதி ஆல்டருக்கு வரும். இது மாசத்துல எத்தனை நாள் நடக்குதுன்னு எண்ணிப் பாருங்க. கழுத்து வலிக்கு ஓனர் ஏற்கனவே காசு குடுத்துட்டுத்தான் இருக்கார்.

ரெண்டாவது, ஐ.இ காரனா என் பக்கத்துல இருந்தே ஒரு விஷயம் சொல்லணும். ரெஸ்ட் டைம் உங்க டார்கெட்டுக்குள்ளயே இருக்குங்க. எஸ்.ஏ.எம், அதாவது ஒரு வேலைக்கு இத்தனை நிமிஷம்னு கணக்கு போடறப்ப என்ன பண்றோம், ஸ்டாப்வாட்ச்ல எடுத்த டைமுக்கு மேல சொந்தத் தேவை, களைப்பு, நூல் மாத்தறது, மெஷின் நிக்கறதுன்னு அலவன்ஸ் சேர்க்கறோம். 15 சதவீதம்னு வச்சுக்கோங்க. 0.70 நிமிஷம் எடுக்கற வேலை சுமார் 0.80 நிமிஷம் ஆயிடும், 480 நிமிஷ ஷிப்ட்டுக்கு சுமார் 600 பீஸ்னு நூறு சதவீத டார்கெட் வரும். அந்த 480 நிமிஷத்துல கிட்டத்தட்ட 62 நிமிஷம் அலவன்ஸ். அதாவது தண்ணி குடிக்க, பாத்ரூம் போக, கையை உதறி நிமிர்ந்து உக்கார, நூல் கோக்கன்னு கணக்குல ஒதுக்கின நேரம். பையர்கிட்ட காஸ்டிங் குடுக்கறப்ப இந்த 62 நிமிஷத்துக்கும் சேர்த்துத்தான் விலை சொல்றோம். ஃப்ளோர்ல அந்த நேரத்தை டெய்லருக்கு விடாம, அவங்க எந்திரிச்சா சூப்பர்வைசர் முறைச்சுப் பாத்தா, காசை வாங்கிட்டு பொருளைத் தராம இருக்கறோம்னு அர்த்தம். உங்க ஓனர் காஸ்டிங் ஷீட் போடத் தெரிஞ்சவரா இருந்தா இந்த ஒரு கணக்கே போதும், எனக்கு மூணு இடத்துல இது வேலை செஞ்சிருக்கு.

ஸ்டாப்வாட்சை ஃபேக்டரிக்குள்ள கொண்டுவந்த ஃப்ரெடரிக் டெய்லர்ங்கற அமெரிக்க இன்ஜினியரே ரெஸ்ட் குடுத்தவர்தான், இது நிறைய பேருக்குத் தெரியாது. 1899ல அமெரிக்காவுல பெத்லஹெம் இரும்பு ஆலையில ஒரு கட்டி 92 பவுண்டு, நம்ம கணக்குல கிட்டத்தட்ட 42 கிலோ, அதைத் தூக்கி வண்டியில ஏத்தற வேலை. ஒரு ஆள் நாளைக்கு பன்னெண்டரை டன் ஏத்திட்டிருந்ததை 47 டன்னுக்கு மேல கொண்டுபோனேன்னு அவர் எழுதினார். அந்தக் கணக்குல மிகைப்படுத்தல் உண்டுன்னு பின்னாடி ஆராய்ஞ்சவங்க காட்டியிருக்காங்க, நானும் அந்த டன் கணக்கை நம்பச் சொல்லல. ஆனா அவரோட விதி என்னன்னா, அந்த எடையைத் தூக்கற ஆள் வேலை நேரத்துல நூத்துக்கு 57 பங்கு கையில பாரமில்லாம இருக்கணும், எப்ப தூக்கணும் எப்ப உக்காரணும்னு பக்கத்துல ஆள் நின்னு சொல்லணும். எஃபிஷியன்சி எஃபிஷியன்சின்னு அவர் பேரைச் சொல்றவங்க இந்தப் பாதியை மட்டும் வசதியா விட்டுட்டாங்க.

சரி, இப்ப ஃப்ளோருக்கு வருவோம். எங்க ஆரம்பிக்கணும்?

நான் ஒரு யூனிட்ல பாத்ததைச் சொல்றேன். சைடு ஜாயின் பண்ற ஓவர்லாக் மெஷின்ல ஒரு அக்கா, நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். நல்ல டெய்லர், ஆனா எஃபிஷியன்சி, அதாவது நூறு சதவீத டார்கெட்ல எடுக்கறது, 60 சதவீதத்தைத் தாண்டல. சூப்பர்வைசர் "வயசாயிடுச்சு சார், செக்கிங்குக்கு மாத்திரலாம்"னார். நான் ஒரு மணி நேரம் பக்கத்துல நின்னேன், டைம் எடுக்காம சும்மா பாத்தேன். அவங்களுக்கு வர்ற பண்டில், அதாவது தைக்க வேண்டிய துணிக் கட்டு, இடது பக்கம் தரையில ஒரு பிளாஸ்டிக் பெட்டியில இருந்துச்சு. ஒவ்வொரு பீஸுக்கும் இடுப்பை இடது பக்கம் சாய்ச்சு, கையை முழுசா நீட்டி எடுத்து, மேல கொண்டுவந்து, முன் பக்கமும் பின் பக்கமும் ஓரம் சேர்த்து ஊசிக்கு விடறாங்க, தைச்சதை வலது பக்கம் திரும்பி பின்னால போடறாங்க. நாளைக்கு 420 பீஸ்னா 420 தடவை குனிஞ்சு 420 தடவை திரும்பறது. வருஷத்துக்கு 300 நாள் போட்டா 1,26,000 தடவை. எந்த உடம்பா இருந்தா என்ன, தாங்காதுங்க.

நாங்க பண்ணது ரொம்ப சின்ன வேலை. அந்தப் பெட்டிக்கு அடியில ரெண்டு காலி க்ரேட்டைக் கவுத்து வச்சு மெஷின் டேபிள் உயரத்துக்குக் கொண்டுவந்தோம், அடுத்த நாள் வெல்டர்கிட்ட சொல்லி இரும்பு ஸ்டாண்டு அடிச்சோம். தைச்ச பீஸ் தானா சறுக்கி விழற மாதிரி டேபிள் பின்னால ஒரு தகடு. அப்புறம் டைம் எடுத்தப்ப பீஸுக்கு ரெண்டு செகண்டு குறைஞ்சிருந்துச்சு. ரெண்டு செகண்டுதானேன்னு தோணும், 420 பீஸுக்கு அது 14 நிமிஷம். நீங்க குடுக்கலாம்னு நினைக்கற ரெஸ்ட் அதுலயே வந்துடுச்சு பாத்தீங்களா. பத்து நாள் கழிச்சு அந்த அக்கா என்னைக் கூப்பிட்டு, "தம்பி, இப்பத்தான் ராத்திரி பேத்திக்கு சடை பின்ன கையைத் தூக்க முடியுது"ன்னாங்க. அவங்களுக்கு தோள்பட்டை வலி இருந்துச்சுன்னு அதுவரைக்கும் கம்பெனியில ஒருத்தருக்கும் தெரியாது. யாரும் கேக்கல, அவங்களும் சொல்லல, சொன்னா செக்கிங்குக்கு மாத்தி சம்பளம் குறைஞ்சுடும்னு பயம்.

அதனால நீங்க முதல்ல செய்ய வேண்டியது கேக்கறதுதான். ஒரு பெரிய சார்ட்ல மனுஷ உருவம் முன்னாலயும் பின்னாலயும் வரைஞ்சு வைங்க. ஒவ்வொருத்தரும் எங்க வலிக்குதோ அங்க ஒரு ஸ்டிக்கர் ஒட்டட்டும், பேர் வேண்டாம், மெஷின் வகைக்கு ஒரு கலர் போதும். ஓவர்லாக் பச்சை, ஃப்ளாட்லாக் மஞ்சள், அயர்னிங் சிவப்புன்னு வச்சுக்கலாம். சூப்பர்வைசர் பக்கத்துல நிக்கக்கூடாது. பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட்ல இருந்து வந்த பிள்ளைங்க இருந்தா அவங்க பாஷையில சொல்ல ஆள் வைங்க, ஏன்னா வலின்னு வாயைத் திறக்காம ஒருநாள் பெட்டியைத் தூக்கிட்டு ஊருக்குப் போறது அவங்கதான் அதிகம், போனா திரும்ப வர்றதில்ல. ஒரு மணி நேரத்துல உங்களுக்குப் படம் கிடைச்சிடும். பச்சை ஸ்டிக்கர் எல்லாம் இடது தோள்ல குவிஞ்சிருந்தா பண்டில் எங்க வச்சிருக்கீங்கன்னு பாருங்க, வலது முழங்கால்லயும் கணுக்கால்லயும் இருந்தா பெடலைப் பாருங்க, கழுத்துல இருந்தா டேபிள் உயரத்தையும் லைட்டையும் பாருங்க.

கொஞ்சம் முறையா செய்யணும்னா ரூலான்னு ஒரு ஸ்கோர் முறை இருக்கு. 1993ல இங்கிலாந்து நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்துல மெக்கடாம்னி, கார்லெட்னு ரெண்டு பேர் உருவாக்கினது. அவங்க அதை முதல்ல போட்டுப் பாத்த வேலைகள்ல கார்மென்ட்ஸ் வேலை முக்கியமானது, கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் எல்லாம் அதுல உண்டு. மேல்கை, முன்கை, மணிக்கட்டு, கழுத்து, முதுகு எவ்வளவு வளைஞ்சிருக்குன்னு பாத்து 1ல இருந்து 7 வரைக்கும் மார்க். 7 வந்தா உடனே மாத்தணும்னு அர்த்தம். பேப்பரும் பேனாவும், மொபைல்ல பக்கவாட்டுல எடுத்த ஒரு போட்டோவும் இருந்தா போதும். 60 மெஷின்ல ஆபரேஷனுக்கு ஒண்ணுன்னு பத்து பன்னெண்டு பேரைப் பாத்தா ரெண்டு நாள் வேலை.

உக்கார்ற விஷயத்துல நம்ம ஊர்ல ரொம்ப மோசம். முதுகுச் சாய்மானம் இல்லாத மர ஸ்டூல், எல்லாருக்கும் ஒரே உயரம். நாலே முக்கால் அடி பொண்ணும் அஞ்சே முக்கால் அடி பையனும் அதே ஸ்டூல், அதே டேபிள். டேபிள் மட்டம் முழங்கை உயரத்துக்குக் கொஞ்சம் மேல இருக்கணும், ரொம்பக் கீழ இருந்தா ஊசியைப் பாக்கறதுக்கு கழுத்தைத் தொங்கப் போட்டே ஆகணும், அப்படியே எட்டு மணி நேரம். டேபிள் கால்ல போல்ட் ஏற்கனவே இருக்குங்க, நிறைய மெஷின் ஸ்டாண்டுல உயரம் மாத்தலாம், வாங்கி வச்ச அன்னைக்கு ஃபிட்டர் முறுக்கினதோட சரி, அப்புறம் யாரும் தொட்டதில்ல. ஒரு ஞாயித்துக்கிழமை ஃபிட்டரை வச்சு ஒவ்வொரு ஆளுக்கும் ஏத்தி இறக்கி விடுங்க. பெடலையும் கால் நேரா விழற இடத்துக்கு நகத்துங்க. சேர் வாங்க காசு வேணும், அது அடுத்த கட்டம், ஆனா வாங்கறப்ப முதுகுக்கு சின்னதா சாய்மானம் இருக்கற, உயரம் மாத்தற சேரா வாங்குங்க. கைப்பிடி வேண்டாம், கை இடிக்கும்.

லைட்டு. தையலுக்கு ஊசி விழற இடத்துல 750 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கற அளவு) இருக்கணும்னு ஐரோப்பிய தரம் சொல்லுது. மேல தொங்கற டியூப்லைட்ல அது கிடைக்காது, கறுப்பு துணி தைக்கறப்ப சுத்தமா கிடைக்காது. மெஷின் தலையில காந்தத்துல ஒட்டற சின்ன எல்.இ.டி விளக்கு ஒண்ணு மாட்டுங்க. கறுப்பு, நேவி ப்ளூ ஓடற நாள்ல ஆல்டர் எவ்வளவு வருது, வெள்ளை ஓடற நாள்ல எவ்வளவு வருதுன்னு உங்க பழைய ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்க, லைட்டுக்கு செலவு பண்ணலாமா வேண்டாமான்னு அதுவே சொல்லும்.

லைட்டுன்னு சொன்னதும் சூடு ஞாபகம் வருது, இது நம்ம பகுதிக்கு ரொம்ப முக்கியம். பெங்களூரு பக்கம் கார்மென்ட்ஸ் ஃபேக்டரிகள்ல பழைய டியூப்லைட்டை எடுத்துட்டு எல்.இ.டி மாட்டினாங்க, கரன்ட் மிச்சம் பண்றதுக்காக. அத்வர்யு, காலா, நிஷாதம்னு மூணு பொருளாதாரக்காரங்க அந்த ஃபேக்டரிகளோட தினசரி புரொடக்‌ஷன் கணக்கை எடுத்துப் பாத்து 2020ல வெளியிட்டாங்க. வெயில் ஏறின நாள்ல எஃபிஷியன்சி விழறது எல்.இ.டி மாட்டின யூனிட்டுகள்ல பெருமளவு குறைஞ்சிருந்துச்சு, ஏன்னா எல்.இ.டி அவ்வளவா சூடாகாது, டெய்லர் தலைக்கு மேல இருந்த சூடு போயிடுச்சு. கரன்ட் பில்லுக்காகச் செஞ்சது புரொடக்‌ஷனுக்கும் உடம்புக்கும் சேர்த்து உதவியிருக்கு. இன்னொரு ஆய்வு 2021ல வந்துச்சு, சோமநாதன் முதலானவங்க செஞ்சது, இந்தியா முழுக்க ஃபேக்டரிக் கணக்குகளைப் பாத்தது. வருஷ சராசரியில ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினா ஆலையோட உற்பத்தி சுமார் 2 சதவீதம் குறையுதுன்னு கண்டுபிடிச்சாங்க. அதுல எனக்கு மனசுல நின்னது வேற ஒண்ணு. ஏ.சி போட்ட ஃபேக்டரிகள்ல உள்ள வேலை வேகம் குறையல, ஆனா லீவு போடறது குறையல. ஏன்னு யோசிச்சா புரியும், ராத்திரி தூங்கற வீடு தகரக் கூரை, பத்துக்குப் பத்து ரூம், நாலு பேர். ஃபேக்டரிக்குள்ள மட்டும் குளிர வச்சா உடம்பு மீண்டு வராது. அதனால ஹாஸ்டல் நடத்தறீங்கன்னா அங்க கூரைக்கு வெள்ளை அடிக்கறதும் ஃபேன் மாட்டறதும் புரொடக்‌ஷன் செலவுதான். ஷெட்டுக்கு மேலயும் வெள்ளை கூலிங் பெயின்ட் அடிங்க, சித்திரை வர்றதுக்கு முன்னாடி அடிங்க.

தண்ணியும் பாத்ரூமும். இதைச் சொல்லாம இருக்க முடியாது. நான் முன்னாடி வேலை பாத்த ஒரு இடத்துல பாத்ரூம் போக டோக்கன் வச்சிருந்தாங்க. லைனுக்கு ரெண்டு டோக்கன், சூப்பர்வைசர் டேபிள்ல ஆணியில தொங்கும். பொண்ணுங்க அந்த டோக்கனைப் போய் எடுக்க வெக்கப்பட்டு காலையில இருந்து தண்ணியே குடிக்க மாட்டாங்க. வீட்ல இருந்து கொண்டுவந்த ஒரு லிட்டர் பாட்டில் சாயங்காலம் அப்படியே முக்காவாசி நிறைஞ்சு திரும்பிப் போகும், நான் பாத்திருக்கேன். நீர்க்கடுப்பு, காய்ச்சல், லீவு, திரும்பவும் அதே. ஒரு பொண்ணு மெஷின்லயே மயங்கி விழுந்த பிறகுதான் அந்த டோக்கனை எடுத்தாங்க. எடுத்ததால புரொடக்‌ஷன் குறைஞ்சுதான்னா இல்ல, மணிக்கணக்கு போர்டுல எந்த வித்தியாசமும் தெரியல. ஒருவேளை குறைஞ்சிருந்தாலும் அதை எடுத்தே ஆகணும்னுதான் சொல்லுவேன். எல்லாத்துக்கும் லாபக் கணக்கு காட்டித்தான் செய்யணும்னு ஒண்ணும் இல்ல. சிலது மனுஷனை மனுஷனா வச்சிருக்கறதுக்கு செய்ய வேண்டியது, அதுக்கு காசு ஆனா ஆகட்டும்.

இப்ப நீங்க கேட்ட ரெஸ்ட். அமெரிக்காவுல ஒரு இறைச்சி பதப்படுத்தற ஆலையில 2001ல வெளிவந்த ஒரு சோதனை இருக்கு. வழக்கமான இடைவேளைக்கு மேல தினமும் 36 நிமிஷம் கூடுதலா குடுத்தாங்க, ஒரு முறை மூணு மூணு நிமிஷமா 12 தடவை, இன்னொரு முறை ஒம்போது ஒம்போது நிமிஷமா 4 தடவை. ரெண்டு முறையிலயும் உற்பத்தி குறையல. வேலை செஞ்சவங்களுக்கு ஒம்போது நிமிஷ முறைதான் பிடிச்சிருந்துச்சு, கால் வலியும் அதுலதான் குறைஞ்சுது. என் அனுபவமும் கிட்டத்தட்ட அதுதான், மூணு நிமிஷம் விட்டா நம்மாளுங்க எந்திரிக்கவே மாட்டாங்க, பண்டில் முடிச்சிடலாம்னு உக்காந்தே இருப்பாங்க. ஏழெட்டு நிமிஷம் விட்டு, மெயின் ஸ்விட்சையே அணைச்சு, எல்லாரும் எந்திரிச்சு நடக்கற மாதிரி செஞ்சா பலன் இருக்கு. காலை 10 மணி வாக்கில ஒண்ணு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒண்ணு, இது ரெண்டும் டீ டைம் போக.

ஆனா பீஸ் ரேட்டா இருந்தா இது எதுவும் நடக்காது, இதை நல்லா மனசுல வச்சுக்கோங்க. பீஸ் ரேட்ல ரெஸ்ட்னா டெய்லரோட சொந்தக் காசு. ஸ்கூல் ஃபீஸ் கட்ட வேண்டிய மாசத்துல எந்த அம்மா எந்திரிச்சு கையை உதறிட்டு நிப்பாங்க? பீஸ் ரேட் யூனிட்னா அந்த 15 நிமிஷத்துக்கு தனியா காசு போட்டுக் குடுங்க, இல்லேன்னா ரேட்டுக்குள்ள சேர்த்திருக்கோம்னு எழுதிக் காட்டுங்க. காட்டாம ரெஸ்ட் எடுங்கன்னு போர்டு மட்டும் மாட்டினா நம்ப மாட்டாங்க.

அடுத்து ஒன்றரை ஷிப்ட். இதைத் தொடறது கஷ்டம்னு எனக்குத் தெரியும், திருப்பூரே அதுல ஓடுது. காலை எட்டரைக்கு உள்ள வந்து ராத்திரி எட்டரைக்கு வெளிய போறது, சாப்பாடு டீ எல்லாம் கழிச்சா வாரத்துக்கு 63, 65 மணி நேரம் வந்துடும், சனிக்கிழமை சம்பள நாள்னு கொஞ்சம் முன்னாடி விட்டாலும் 60ஐத் தாண்டும். 1948 ஃபேக்டரி சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம், ஓவர்டைமோட சேர்த்து 60க்கு மேல கூடாது, ஓவர்டைமுக்கு டபுள் சம்பளம்னு சொல்லுச்சு, நம்மள்ல எத்தனை பேர் டபுள் குடுத்தோம்னு நமக்கே தெரியும். முதல் உலகப் போர்ல இங்கிலாந்துல குண்டு செய்யற ஃபேக்டரிகள்ல பெண்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் வேலை பாத்தாங்க. அவங்க உடம்பைப் பத்தி ஆராய 1915ல அரசாங்கமே ஒரு கமிட்டி போட்டு மணி நேரக் கணக்கும் உற்பத்திக் கணக்கும் எடுத்துச்சு. அந்தக் கணக்கை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து ஜான் பென்கவெல் 2014ல திரும்ப எடுத்து ஆராய்ஞ்சார். 49 மணி நேரம் வரைக்கும் நேரம் கூடக் கூட உற்பத்தியும் அதே அளவுல கூடுது, அதுக்கு மேல போகப் போக கூடறது சுருங்கிட்டே வருது, 70 மணி நேரத்துல வர்றதும் 56 மணி நேரத்துல வர்றதும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். அந்த 14 மணி நேரம் கரன்ட்டும் சம்பளமும் உடம்பும் சும்மா போச்சு.

நூறு வருஷத்துக்கு முந்தின இங்கிலாந்து நமக்கு எதுக்குன்னு ஓனர் கேப்பார். கேட்டா உங்க லைன் போர்டையே காட்டுங்க. மணிக்கு எத்தனை பீஸ்னு சாக்பீஸ்ல எழுதறோம்ல, அதோட பக்கத்துலயே அந்த மணியில எத்தனை ஆல்டர்னு ஒரு கட்டம் சேருங்க. ஒரு மாசம் எழுதுங்க. சாயங்காலம் 6 மணிக்கு மேல வர்ற பீஸ்ல இருந்து ஆல்டரைக் கழிச்சு, மறுநாள் காலையில அந்த ஆல்டரைப் பிரிச்சு திரும்பத் தைக்கற நேரத்தையும் கழிச்சு, மிச்சம் என்ன வருதுன்னு பாருங்க. மறுநாள் காலை முதல் மணி எவ்வளவு மெதுவா ஆரம்பிக்குதுன்னும் பாருங்க. நான் இதைச் செஞ்ச யூனிட்ல வாரத்துல ரெண்டு நாள் ஒன்றரை ஷிப்ட்டை நிறுத்த ஓனர் அவரா ஒத்துக்கிட்டார். முழுசா நிறுத்தல, ஷிப்மென்ட் வாரத்துல திரும்ப வந்துடும், அதையும் சொல்லிடறேன். டெய்லர்கள்லயும் சிலருக்கு அந்த அரை ஷிப்ட் காசு தேவை, நிறுத்தினா வேற கம்பெனிக்குப் போயிடுவாங்க. அதனால நேரத்தைக் குறைக்கறப்ப மிச்சமாகற ஆல்டர் செலவுல ஒரு பங்கை அவங்க சம்பளத்துல காட்டணும், காட்டலேன்னா நல்லது செய்யறேன்னு அவங்க வயித்துல அடிச்ச மாதிரி ஆயிடும்.

12 மணி நேர வேலையைப் பத்தி 2023 ஏப்ரல்ல நம்ம சட்டசபையில நிறைவேறின திருத்தத்தை எதிர்ப்பு வந்து மே 1ம் தேதி வாபஸ்னு முதல்வர் அறிவிச்சது ஞாபகம் இருக்கும். அப்ப நடந்த வாதம் எல்லாம் வாரத்துக்கு அதே 48 மணி நேரம்தானேன்னு ஓடுச்சு. எட்டாவது மணிக்கும் பதினோராவது மணிக்கும் தோள்பட்டையில என்ன வித்தியாசம்னு மெஷின்ல உக்காந்தவங்களைக் கேட்டா தெரிஞ்சிருக்கும்.

நின்னுட்டே வேலை பாக்கறவங்களை மறந்துடாதீங்க. அயர்னிங், செக்கிங், கட்டிங் எல்லாம் காலையில நின்னா சாயங்காலம் வரைக்கும் நிக்கறது. காலுக்குக் கீழ சிமெண்ட் தரை. நரம்பு சுருட்டிக்கற பிரச்சினை இவங்களுக்குத்தான் அதிகம். 2021ல தமிழ்நாட்டுல கடை ஊழியர்களுக்கு உக்கார்ற உரிமைன்னு சட்டத் திருத்தம் வந்தப்ப எல்லாரும் பேசினோம், ஆனா ஃபேக்டரியில நின்னு வேலை பாக்கறவங்களுக்கு வாய்ப்பு கிடைக்கறப்ப உக்கார இருக்கை வைக்கணும்னு 1948 ஃபேக்டரி சட்டத்துலயே இருந்துச்சுங்க, 44வது பிரிவு. இப்ப வந்திருக்கற புதுத் தொழிலாளர் சட்டத் தொகுப்புலயும் இருக்கு. செக்கிங் டேபிளுக்கு உயரமான ஸ்டூல் போட்டா பாதி நேரம் உக்காந்து பாதி நேரம் நின்னு செய்யலாம். காலடிக்கு ரப்பர் மேட், ஒரு காலை மாத்தி மாத்தி வைக்க நாலு இன்ச் உயரத்துல ஒரு கட்டை.

ஜெர்மனியில டிங்கோல்ஃபிங்னு ஒரு ஊர்ல பி.எம்.டபிள்யூ 2007ல இப்படித்தான் ஒரு லைன்ல செஞ்சாங்க. எதிர்காலத்துல தொழிலாளிகளுக்கு சராசரி வயசு 47 ஆகிடும்னு கணக்குப் போட்டு அதே சராசரியில 42 பேரை ஒரு லைன்ல போட்டாங்க. என்ன மாத்தணும்னு அவங்ககிட்டயே கேட்டாங்க. மரத் தரை, தனி ஷூ, சலூன் சேர் மாதிரி உக்கார ஒரு சேர், சின்ன பார்ட்ஸைப் பாக்க பூதக்கண்ணாடி, இப்படி 70 சின்னச் சின்ன மாத்தம். சாமான் செலவு 20,000 யூரோ அளவுதான். ஒரு வருஷத்துல உற்பத்தித்திறன் 7 சதவீதம் கூடுச்சு, வயசு குறைஞ்சவங்க லைனுக்கு சமமா வந்துட்டாங்க, லீவும் குறைஞ்சுது. அந்த 70 யோசனையில பெரும்பாலானது தொழிலாளிகள் சொன்னதுங்கறதுதான் நான் பிடிச்சுக்கற விஷயம்.

ஜாப் ரொட்டேஷன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. ஓவர்லாக்ல இருந்து ஃப்ளாட்லாக்குக்கு மாத்தினா அது ரொட்டேஷன் ஆகாது, அதே கழுத்து, அதே தோள், அதே கால். உக்காந்து தைக்கறவங்களை நாள்ல ரெண்டு மணி நேரம் நின்னு செக்கிங் பண்ண விடுங்க, செக்கிங் ஆளுக்கு எளிமையான மெஷின் வேலை பழக்குங்க. முதல் ரெண்டு மூணு வாரம் எஃபிஷியன்சி விழும், விழாதுன்னு யார் சொன்னாலும் நம்பாதீங்க. ஆனா அதுக்கப்புறம் ஒருத்தர் லீவு போட்டா இன்னொருத்தர் உக்காருவார், மேல சொன்ன அந்த அரை நாள் நஷ்டம் போயிடும். பழகற வாரத்துல சம்பளத்துல பிடிக்காதீங்க.

கடைசியா சாப்பாடு. தமிழ்நாட்டுல 15 முதல் 49 வயசுப் பெண்கள்ல 53.4 சதவீதம் பேருக்கு ரத்த சோகைன்னு 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்லுது. உங்க ஃப்ளோர்ல ரெண்டுல ஒரு பொண்ணு. இலங்கையில தேயிலைத் தோட்டத்துல கொழுந்து பறிக்கற நம்ம பெண்களுக்கு இரும்புச் சத்து மாத்திரை குடுத்து 1979ல வெளியான ஆய்வுல, ரத்தம் ரொம்பக் குறைவா இருந்தவங்க பறிச்ச கொழுந்தோட எடை கூடுச்சு. மதியம் மூணு மணிக்குக் கண்ணு சொருகற டெய்லரைச் சோம்பேறின்னு திட்டறதுக்கு முன்னாடி ஹீமோகுளோபின் எவ்வளவுன்னு பாக்கலாம். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல கேட்டா கேம்ப் வச்சுத் தருவாங்க. கம்பெனி பஸ் ஏழு மணிக்கு வருதுன்னு காலையில வெறும் டீயோட வர்றவங்க பாதிப் பேர். உள்ள வந்ததும் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலை சுண்டலும் ஒரு கடலை மிட்டாயும் குடுத்துப் பாருங்க, ஆளுக்கு ஒரு டீ செலவுக்கு மேல கொஞ்சம்தான் ஆகும்.

உங்க ஓனர்கிட்ட எல்லாத்தையும் ஒரே நாள்ல கொண்டுபோகாதீங்க. "ஒரே ஒரு லைன், ரெண்டு மாசம், எனக்கு விடுங்க"ன்னு கேளுங்க. ஆல்டர் அதிகமா வர்ற லைனா பாத்து எடுங்க. முதல் வாரம் எதையும் மாத்தாம நான் சொன்ன நாலு கணக்கையும் எழுதுங்க. ரெண்டாவது வாரம் பெட்டி உயரம், டேபிள் உயரம், பெடல், ஊசி விளக்கு. மூணாவது வாரத்துல இருந்து ஏழெட்டு நிமிஷ ரெஸ்ட் ரெண்டு. சூப்பர்வைசரை முதல்ல உக்கார வச்சுப் பேசுங்க, அவருக்கு மேல இருந்து டார்கெட் அழுத்தறப்ப ரெஸ்ட்டைத்தான் முதல்ல வெட்டுவார், அவர் இன்சென்டிவ்ல ஆல்டரையும் ஆப்சென்டையும் சேர்த்துட்டா அவரே காவல் காப்பார்.

டேபிள் உயரம், ஸ்டூல் உயரம், பண்டில் பெட்டி தரையில இருந்து எத்தனை இன்ச்சுல இருக்கு, இது மூணையும் அந்த ஒரு லைனுக்கு அளந்து, ஓவர்லாக் எத்தனை, பவர்டேபிள் மெஷின் எத்தனைன்னு சேர்த்து எழுதுங்க. பக்கவாட்டுல எடுத்த போட்டோ இருந்தா முகம் தெரியாம அனுப்புங்க. எந்த மெஷினை முதல்ல தொடணும்னு பாத்துச் சொல்றேன்.